அயர்லாந்து கலைக் கவுன்சிலுக்கு: ஜாஸுக்கு ஓர் அறை கொடுங்கள்

கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிற கவுன்சிலின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் இசைக்கலைஞன் இல்லை. டப்ளினில் குடியிருந்து, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து ஜாஸ் கேட்கிற ஆள், அவ்வளவுதான். தமிழில் எழுதுகிறானே என்று பார்க்காதீர்கள், கோபம் எனக்குத் தாய்மொழியில்தான் ஒழுங்காக வருகிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டப்ளினுக்கு ஒரு ஜாஸ் அறை வேண்டும். இன்னொரு திருவிழா வேண்டாம், இன்னொரு விருதும் வேண்டாம். வருடம் முழுக்க, வாரத்தில் நாலைந்து ராத்திரியாவது திறந்திருக்கிற, சுருதி சேர்த்த பியானோ இருக்கிற, நூறு பேர் உட்காரக்கூடிய ஓர் அறை.

தெற்கே கார்க் நகரத்து ஜாஸ் திருவிழா இருக்கிறதே என்பீர்கள். கார்க் எனக்கும் பிடிக்கும். 1978ல் அக்டோபர் நீண்ட வார இறுதிக்கு மெட்ரோபோல் ஹோட்டலில் நடக்க இருந்த பிரிட்ஜ் சீட்டாட்டக்காரர்களின் கூட்டம் ரத்தாகிவிட, காலி அறைகளை எப்படி நிரப்புவது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட மார்க்கெட்டிங் மேலாளர் ஜிம் மவுண்ட்ஜாய் ஆரம்பித்து வைத்தது அந்தத் திருவிழா. 1980லேயே அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு அங்கே வந்து பாடினார். இன்றைக்குப் பெரிய மேடைகளில் பாப் பாட்டு ஆட்கள்தான் அதிகம் என்ற முணுமுணுப்பு வருடா வருடம் கேட்கிறது, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை, ஆனால் என் சண்டை அதுவல்ல. விழா முடிகிற திங்கட்கிழமை ராத்திரி எல்லாரும் ரயிலேறிப் போய்விடுகிறார்கள். மீதி 51 வாரம் இந்தக் கலைஞர்கள் எங்கே வாசிப்பார்கள்?

டப்ளினில் ஆங்கியர் தெரு 12ஆம் எண் கட்டடம், கவிஞர் தாமஸ் மூர் பிறந்த இடம். அதன் மாடியில்தான் ஜே. ஜே. ஸ்மித்ஸ் பப்பின் ஜாஸ் ராத்திரிகள் பல வருடம் நடந்தன. 2017ல் பப் கைமாறியது, இசை நின்றது. நாலு பேர் வருத்தப்பட்டு எழுதினார்கள், அத்தோடு சரி. 2021ல் ஸ்மித்ஃபீல்டு பகுதியில் மரபிசை நடக்கிற கபிள்ஸ்டோன் பப்பின் தலைமேல் ஹோட்டல் கட்டப் போகிறார்கள் என்றதும் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். மக்கள் சவப்பெட்டி தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள், நகராட்சி அனுமதி மறுத்தது. நாட்டு மரபிசைக்கு ஓர் அறை போனால் என்ன போகும் என்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். ஜாஸுக்கும் அதே கணக்குதான். 1934 ஜனவரியில் லீட்ரிம் மாவட்டத்து மோஹில் ஊரில் பாதிரியார் தலைமையில் 'ஜாஸ் ஒழிக' என்று ஊர்வலம் போன நாடு இது. அன்றைக்கு வெளிநாட்டு நடன இசை எல்லாமே அவர்களுக்கு ஜாஸ்தான் என்பது வேறு கதை. எப்படியோ, ஜாஸுக்காக ஊர்வலம் போக மட்டும் இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை.

இப்போது ஜாஸ் எப்படிப்பட்ட இடத்தில் நடக்கிறது தெரியுமா? பெயர் சொல்ல மாட்டேன், ஒரு பப்பின் மாடி. சாக்ஸபோன்காரர் மெதுவான பாட்டு ஒன்றை முடித்து ஆளுயரத் தந்திவாத்தியமான டபுள் பேஸுக்கு வழிவிடுகிறார். டிரம்ஸ்காரர் பிரஷ்ஷை வைத்துத் தோல்மேல் சும்மா தடவிக்கொண்டிருக்கிறார். பேஸ்காரர் மூன்று சுரம் வைத்து ஒரு இடைவெளி விடுகிறார், அந்த இடைவெளியில் கீழே கால்பந்தில் யாரோ கோல் போட, மொத்தக் கட்டடமும் அலறுகிறது. பேஸ்காரர் சிரித்துக்கொண்டே அந்த அலறலின் தாளத்தைப் பிடித்து வாசித்தார், நாங்களும் கைதட்டினோம். ஒருநாள் என்றால் ரசிக்கலாம். வாராவாரம் இதையே ஒருவர் செய்துகொண்டிருக்க முடியுமா?

படிப்பில் நீங்கள் குறை வைக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன், இந்த நாடே குறை வைக்கவில்லை. பிளாக்ராக்கில் நியூபார்க் இசை மையத்தில் பேஸ் கலைஞர் ரோனன் கில்ஃபாயில் கட்டியெழுப்பிய ஜாஸ் பாடத்திட்டம் 2016ல் டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. இந்த மனிதர் தாளத்தின்மேல் எவ்வளவு பைத்தியம் என்றால், கண்டா என்று பெயர் வைத்த தன் குழுவில் ஐரிஷ் பைப் என்கிற காற்றுப்பை வாத்தியத்தையும் ஜாஸ் கிதாரையும் சேர்த்து, பெங்களூர் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரியின் டி. ஏ. எஸ். மணி, ஆர். ஏ. ராமமணியோடு கூட்டாக ஆல்பம் செய்தவர். மிருதங்கமும் வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோலும் டப்ளின்காரர்களின் பேஸோடு உட்காருவதைக் கேட்டால் நம் காதுக்கு வேற்று ஊர் இசையாகவே தோன்றாது. கோடையில் ஸ்லைகோ ஊரில் ஸ்லைகோ ஜாஸ் புராஜெக்ட் என்ற பயிற்சிப் பட்டறை வேறு. ஆக, பிள்ளைகள் தயாராகிறார்கள். பட்டம் வாங்கிய கையோடு லண்டனுக்கோ பெர்லினுக்கோ பெட்டி கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு வருடம் நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டுக் குளத்தைத் தூர்த்துவிட்டால் என்ன செய்வார்கள்?

லூயிஸ் ஸ்டூவர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1944ல் வாட்டர்ஃபோர்டில் பிறந்து டப்ளினில் வளர்ந்த கிதார்காரர். 1968ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் பரிசு வாங்கினார். பென்னி குட்மன், ரோனி ஸ்காட், ஜார்ஜ் ஷியரிங் என்று பெரிய ஜாஸ் கலைஞர்களோடு வாசித்தார், ஆனாலும் டப்ளினுக்கே திரும்பி வந்து பப் மாடிகளில் வாசித்துக்கொண்டிருந்தார். உலகத்தரமான கை அது. அதை எட்டித் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது என்றால், அப்படி உட்கார இடம் இருந்ததால்தான். 2016ல் அவர் காலமானார். அடுத்த வருடமே ஸ்மித்ஸ் மாடியும் போனது.

பதிவுகளின் கதையும் இதேதான். ஸ்டூவர்ட்டைப் பதிவு செய்யவேண்டும் என்பதற்காகவே ஓவியர் ஜெரால்டு டேவிஸ் லிவியா என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். சில வருடங்களுக்கு முன் அது மறுபடி உயிர்பெற்ற பிறகுதான், 1982ல் டப்ளினில் அமெரிக்க கிதார்காரர் ஜிம் ஹாலும் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து வாசித்த கச்சேரி 2024ல் இசைத்தட்டாக வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல்! தனி ஆட்களின் பிடிவாதத்தை நம்பித்தான் உங்கள் ஜாஸ் வரலாறு உயிரோடு இருக்கிறது. நான் கேட்கிற அறையில் நல்ல மைக் நாலு நிரந்தரமாகத் தொங்கவிட்டு, கலைஞர்கள் சம்மதித்தால் ஒவ்வொரு ராத்திரியையும் பதிந்து வைத்தால் போதும். மரபிசைக்கு 1987லேயே தனி ஆவணக் காப்பகம் வைத்த நாட்டுக்கு இதெல்லாம் கம்பசூத்திரமா?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கைவிடப்பட்ட கணினித் திட்டத்துக்கு நீங்கள் செலவழித்த ஏறத்தாழ 67 லட்சம் யூரோவைப் பற்றி 2025ல் நாடே பேசியது. குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, குத்தத்தான் செய்கிறேன். 2022ல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் என்று அரசு ஆரம்பித்தது, அது அருமையான காரியம், அதைக் கெடுத்துவிடாதீர்கள். ஆனால் வாடகைக்குக் காசு கொடுத்துவிட்டு வாசிக்க இடம் கொடுக்கவில்லை என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

அறையை நடத்த ஆள் தேடி அலையவும் வேண்டாம். இம்ப்ரோவைஸ்டு மியூசிக் கம்பெனி என்ற அமைப்பு 1991 முதல் ஜாஸ் கச்சேரி நடத்துகிற வேலையைத்தான் செய்கிறது, 2007ல் டப்ளினில் தொடங்கிய 12 பாயின்ட்ஸ் ஜாஸ் விழாவை ஐரோப்பிய நகரங்களுக்கெல்லாம் கொண்டு போனவர்கள். த கம்ப்ளெக்ஸ் கட்டடத்தில் த கூலர் என்று கச்சேரித் தொடர் நடத்தியும் காட்டினார்கள், ஆனால் அது வாடகைக் கட்டடம். வீட்டுக்காரர் மனசு மாறினால் காலி செய்யவேண்டிய இடம் எனக்கு வேண்டாம். நகராட்சியோடு பேசி ஒரு கட்டடத்தை வாங்குங்கள், அல்லது முப்பது வருடக் குத்தகைக்கு எடுங்கள், சாவியை அவர்களிடம் கொடுங்கள்.

அப்புறம், இடம் பார்க்கப் போகும்போது கட்டட நிபுணரோடு ஒரு டபுள் பேஸ்காரரையும் அவசியம் கூட்டிப்போங்கள், பேஸைத் தூக்கிக்கொண்டே வரச்சொல்லி. மாடிப்படி எப்படி என்று அவரே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
டப்ளினிலிருந்து ஒரு ரசிகன்