நர்ஸ் தேர்தலில் நின்றால் என்ன?

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வாகம் செய்கிற பள்ளி வாரியத்தின் தேர்தலில் நிற்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற நர்ஸுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ இருக்கிற அதே டாலஸில் நர்ஸாக இருந்தவர்தான் எடி பெர்னிஸ் ஜான்சன். 1935இல் வேக்கோவில் பிறந்தவர். அந்தக் காலத்து டெக்சாஸில் கறுப்பினப் பெண்ணுக்கு நல்ல நர்ஸிங் படிப்பு கிடைக்காததால் இந்தியானா போய்ப் படித்தார். டாலஸில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை அவரை நேரில் பார்க்காமலே வேலைக்கு எடுத்தது. வந்து நின்ற பிறகுதான் கறுப்பினத்தவர் என்று தெரிந்து, விடுதியில் தருவதாகச் சொன்ன அறையை இல்லை என்றுவிட்டார்கள். அவர் நோயாளியின் அறைக்குள் போகும் முன்னால் வேறொருவர் போய், வரப்போகிறவர் தகுதியுள்ள நர்ஸ்தான் என்று சொல்லிவிட்டு வருவாராம். யோசித்துப் பார் அம்மா, தினமும் அப்படி! அதே மருத்துவமனையில் மனநலப் பிரிவின் தலைமை நர்ஸாகவும் ஆனார். 1972இல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கும், 1992இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்தார். பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. 30 வருஷம் உறுப்பினராக இருந்து, கடைசி நான்கு வருஷம் அறிவியல் குழுவுக்கே தலைவராக இருந்தார். கத்துகிற நோயாளியிடமும் பதறுகிற குடும்பத்திடமும் பேசிப் பழகியவருக்குச் சபையில் பேசுவது பெரிய காரியமா?

நம் நாட்டிலிருந்து போனவர் ஒருவரையும் சொல்கிறேன். பஞ்சாபிலிருந்து 1920இல் போன தலீப் சிங் சவுந்த், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும் இந்தியருக்கு அதற்கேற்ற வேலை கிடைக்காத காலம் என்பதால், கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்த்தார். 1946இல் சட்டம் மாறும்வரை குடியுரிமைக்கு மனுப் போடக்கூட வழியில்லை, கையில் கிடைத்தது 1949இல். அடுத்த வருஷமே உள்ளூர் நீதிபதி தேர்தலில் ஜெயித்தார், ஆனால் குடிமகனாகி ஒரு வருஷம் ஆகவில்லை என்று பதவியைத் தரவில்லை. 1952இல் மறுபடி நின்றபோது, நீ ஜெயித்தால் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகையை நீயே தருவாயா, நாங்கள்தான் வாங்க வேண்டுமா என்று சாப்பாட்டுக் கடையில் எல்லார் முன்னாலும் ஒருவர் கிண்டல் செய்தார். தலைக்கு மேலே என்ன இருந்தால் எனக்கென்ன, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன் என்றார் சவுந்த். அந்தத் தடவை ஜெயித்து நீதிபதி ஆனார், கூடவே உர வியாபாரமும் பார்த்தார். 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசியரும் அவரே. எத்தனை தடவை படித்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

அப்புறம் மான்டானா மாநிலத்தின் ஜான் டெஸ்டர். சின்ன வயதில் கறி அரைக்கிற மெஷினில் இடது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. ஆனாலும் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தார், கறி வெட்டி விற்றார், தாத்தா காலத்து நிலத்தில் பயிர் செய்தார். நாடாளுமன்றத்தின் மேல்சபையில் செனட்டராக இருந்த 18 வருஷமும் ஊருக்குப் போய் டிராக்டர் ஓட்டினார், தன் பண்ணை இறைச்சியை வாஷிங்டனுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டார். அவரும் முதலில் நின்றது உள்ளூர் பள்ளி வாரியத்துக்குத்தான்!

உங்கள் டெக்சாஸில் சட்டமன்ற உறுப்பினருக்கே மாதச் சம்பளம் 600 டாலர்தான், சபை கூடுவதும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 140 நாள். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அதனால் வக்கீல், டாக்டர், வியாபாரி என்று ஆளுக்கொரு தொழில் வைத்திருக்கிறார்கள். பள்ளி வாரியத்துக்கு அந்தச் சம்பளமும் கிடையாது. ஆகவே உன் வேலையை நீ விடவே கூடாது, அது உன் சோற்றுக்கு மட்டும் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை வகுப்பில் மூச்சுத் திணறினால் என்ன செய்ய வேண்டும், பள்ளியில் முழுநேர நர்ஸ் ஏன் வேண்டும் என்று அந்த மேஜையில் உட்கார்ந்து சொல்ல உன்னைப் போல ஒருத்தி வேண்டும்.

ராத்திரி ஷிஃப்டை மாற்றித் தருவார்களா என்று ஆஸ்பத்திரியில் கேள். மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன், கூட்டம் இருக்கிற சாயங்காலங்களில் குழந்தையை அவர் பார்த்துக்கொள்ளட்டும். மனு கொடுக்கக் கடைசித் தேதி என்றைக்கு என்று விசாரித்து ஞாயிற்றுக்கிழமை சொல்லு.

அன்புடன்,
அப்பா