"அவள் ஏன் ஓடவில்லை?" என்று கேட்கும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடத்தப்பட்ட பெண்ணை வைத்து வரும் திகில் படங்களைப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதும் ரசிகர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல இந்த வகைப் படங்களை விடாமல் பார்க்கிறவள்தான். படம் முடிந்த கையோடு மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கிற பழக்கமும் உண்டு. அப்படிப் படிக்கும்போது எந்தப் படமாக இருந்தாலும் ஒரு வரி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. "கதவு திறந்துதானே கிடந்தது, அவள் ஏன் ஓடவில்லை? லூசா அவள்?" இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

படத்தில் லாஜிக் பார்ப்பது தப்பே இல்லை. அடைத்து வைத்தவன் சாவியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போவது, போலீஸ்காரர் துணைக்கு ஒருவரையும் கூப்பிடாமல் இருட்டில் அந்த வீட்டுக்குள் தனியாக நுழைவது, சரியாக அந்த நேரம் பார்த்து போனில் சார்ஜ் தீர்ந்துபோவது, இதெல்லாம் எழுதியவரின் சோம்பேறித்தனம். கிழித்துத் தொங்கவிடுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் அந்தப் பெண் உறைந்துபோய் உட்கார்ந்திருப்பது லாஜிக் ஓட்டை கிடையாது. சில படங்களில் உண்மைக்குப் பக்கத்தில் வருகிற ஒரே காட்சியே அதுதான்.

ஆபத்து வந்தால் மனுஷன் ஒன்று திருப்பி அடிப்பான், இல்லாவிட்டால் ஓடிவிடுவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உடம்பு அப்படியே நின்றுபோகும். கை கால் அசையாது, தொண்டையிலிருந்து சத்தம் வராது, சுற்றி நடப்பது தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இது அவள் யோசித்து எடுக்கிற முடிவே இல்லை, அவளைக் கேட்காமல் உடம்பு செய்கிற காரியம். 2017-ல் வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஸ்டாக்ஹோமில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் தங்கள் உடம்பு இப்படிச் செயலற்றுப் போனதாகச் சொன்னார்கள், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது மிகக் கடுமையாகவே இருந்திருக்கிறது. 6 மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது, அப்படி உறைந்துபோனவர்களிடம்தான் மனச்சோர்வும் அதிர்ச்சியின் பின்விளைவுகளும் அதிகமாக இருந்தன. "நான் ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை" என்ற கேள்வி ஏற்கனவே தன்னைத் தின்றுகொண்டிருக்கிற ஒருத்தி, நீங்கள் கதாநாயகியைத் திட்டி எழுதிய அந்த வரியைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கற்பனைப் பாத்திரத்தைத் திட்டுகிறீர்கள், பதில் சொல்ல வேண்டியதாக நினைத்துக்கொள்வது அவள்.

அடுத்தது, தன்னைக் கடத்தியவனிடம் அவள் மென்மையாகப் பேசிவிட்டால் போதும், கடத்தியவன் மீதே பாசம் வந்துவிடுகிற நோய் என்ற அர்த்தத்தில் உடனே "ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்" என்று முத்திரை குத்திவிடுகிறீர்கள். அந்தப் பெயர் வந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக்குள் 4 ஊழியர்கள் 6 நாள் பணயமாக மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க் அந்த நாட்டுப் பிரதமரிடமே போனில் பேசி, கொள்ளையர்களோடு தங்களை வெளியே போகவிடச் சொல்லிக் கேட்டார். அந்தக் கொள்ளையர்கள் மீது காதலா? இல்லை. போலீஸ் உள்ளே பாய்ந்தால் நாங்கள் செத்துவிடுவோம் என்ற பயத்தைத்தான் அவர் சொன்னார். அதற்கு ஒரு நோயின் பெயரை வைத்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோய்க் கையேட்டில் இன்றுவரை அப்படி ஒரு நோயே கிடையாது.

ஆகவே திரையில் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தால், அவனுடைய அம்மாவைப் பற்றி விசாரித்தால், அவன் நீட்டிய தட்டை வாங்கி "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், அடுத்த ஒரு மணி நேரம் உயிரோடு இருப்பதற்காக அவள் வேலை செய்கிறாள் என்று அர்த்தம். அந்தச் சிரிப்பை நிஜக் காதலாகவே மாற்றி, டூயட் ரேஞ்சுக்குப் பின்னணி இசை போடுகிற இயக்குநர்களும் இருக்கிறார்கள். திட்டுவதானால் அவர்களைத் திட்டுங்கள். இந்த விஷயத்தில் எவ்வளவு திட்டினாலும் தகும்.

அப்புறம் கேமரா. இதைப் பற்றி நம்மில் எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு, எனக்கு முக்கியமாகப் படுவதோ இதுதான். கட்டிப்போட்டிருக்கும் அறை, மேலே ஒற்றை பல்பு. கேமரா அவள் கணுக்காலில் இருக்கும் சங்கிலியில் ஆரம்பித்து, கிழிந்த துணி வழியாக மெல்ல மேலே ஏறி, கடைசியில்தான் முகத்துக்கு வருகிறது. இது யாருடைய பார்வை? அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? அவன்தானே! நம்மை அவன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பாவப்படவும் சொல்கிறது படம். இதே அறையை அவள் பக்கத்தில் இருந்தும் எடுக்கலாம். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு வெளிச்சம், அதில் இரண்டு பாதங்களின் நிழல், வெளியே தட்டில் ஸ்பூன் உரசும் சத்தம், பிறகு அந்தச் சத்தம் நிற்பது. அவ்வளவுதான். ரத்தம் ஒரு சொட்டு வேண்டாம், பயம் முதுகுத்தண்டில் ஏறும். "செம திகில்" என்று எழுதும்போது இந்த இரண்டில் எது நம்மைப் பயமுறுத்தியது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், அடுத்த படம் எடுப்பவருக்கும் அது போய்ச் சேரும்.

பார்வையாளர் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2007-ல் 'கேப்டிவிட்டி' என்ற அமெரிக்கப் படத்துக்கு லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். கடத்தல், அடைத்துவைத்தல், சித்திரவதை, சாவு என்று ஒரு பெண்ணை நான்கு கட்டங்களாகப் போட்ட விளம்பரம். குழந்தைகளோடு அந்த வழியாகப் போக முடியவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். பலகைகள் இறங்கின. அந்தப் படத்துக்குத் தரச் சான்று தருவதையும் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள்.

இந்த வகைப் படங்களுக்கு ஆறுதலான முடிவு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் நான் ரொம்ப நேரம் நிற்கப் போவதில்லை. காணாமல் போன பெண்ணைத் தேடும் 'ஸ்பூர்லூஸ்' என்ற 1988 படத்தை அதே இயக்குநர் ஜார்ஜ் ஸ்லூய்சர் 1993-ல் ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தார், ஆனால் முடிவை மாற்றி. இரண்டையும் பாருங்கள். மனசுக்கு ஆறுதல் வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால் ஒரு படம் எதை இழக்கும் என்பது பார்த்தாலே புரியும்.

கடைசியாக ஒரு மனக்குறை. "வில்லன்தான்யா மாஸ்" என்று பாதிக்குப் பாதிப் பேர் எழுதுகிறீர்கள். அவனுடைய சின்ன வயசு ஃப்ளாஷ்பேக், அவன் நடை, அவன் வசனம் எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது. 1991-ல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' பார்த்தவர்கள் அதில் வரும் கொலைகாரன் ஹானிபல் லெக்டரை மறக்க மாட்டார்கள். கிணறு மாதிரியான குழிக்குள் கிடந்த கேதரீன் மார்டினை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? எலும்புத் துண்டைக் காட்டி, தன்னைக் கடத்தியவனின் (அது லெக்டர் இல்லை, வேறொருவன்) செல்ல நாயைத் தந்திரமாகக் குழிக்குள் இழுத்து, அதைப் பணயமாக வைத்து அவனிடமே பேரம் பேசுகிறாள் அவள். படத்தில் அதற்கு முன்பே அவள் அம்மா டிவியில் வந்து பேசுகிறார், பேச்சுக்கு நடுவில் மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பெயரைக் கேட்டால் அவளையும் ஒரு மனுஷியாக அவன் நினைக்க வேண்டிவரும் என்பது அந்தத் தாயின் கணக்கு என்று படத்திலேயே ஒருவர் விளக்குகிறார்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். பாலியல் வன்முறைக் காட்சி இருக்கிறதா, நீளமாக வருகிறதா என்பதைக் கதையைப் போட்டு உடைக்காமல் முதலிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள். அதைப் பார்க்க முடியாதவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்வார்கள். இன்னொன்று, ஹீரோவுக்கும் வில்லனுக்கும் பெயர் போட்டு எழுதுகிற நீங்கள் அவளை மட்டும் "அந்தப் பொண்ணு" என்று எழுதாதீர்கள். அவளுக்கும் படத்தில் ஒரு பெயர் இருக்கும், அதைப் போட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு சேர்ந்து பயப்படும் ஒரு ரசிகை