நெட்வொர்க் ஆய்வகத்தின் ‘சாட்’ பயிற்சியை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆண்டாண்டாக ஆய்வகப் பட்டியலில் இருந்துவரும் ‘டிசிபி சாக்கெட் வழியே சாட்’ என்ற, அதாவது இரண்டு கணினிகளை இணைத்துச் செய்தி பரிமாறும் நிரலை எழுதும், ஒரே ஒரு பயிற்சியைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், கல்லூரியில் எழுதிய சாட் நிரலை ஓட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு கணினிகளில் ஓடவிட்டார். அவர் அனுப்பிய முதல் வரி எனக்கு வந்தது. நான் பதில் தட்டுவதற்குள் அவர் அடுத்த வரியையும் தட்டி என்டரை அழுத்தினார். என் திரையில் ஒன்றும் வரவில்லை. “மேடம், இப்போது உங்கள் முறை. நீங்கள் அனுப்பினால்தான் என்னுடையது வரும்” என்றார். அதை ஒரு குறையாகவே அவர் நினைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் அப்படித்தான் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வைவாவிலும் யாரும் கேட்கவில்லை. அவரை எப்படிக் குறை சொல்வது?

காரணம் இதுதான்: விசைப்பலகைக்காக நிரல் காத்து நிற்கும்போது சாக்கெட்டை, அதாவது மறுகணினியோடு இணைக்கும் முனையை, கவனிக்க ஆளில்லை. சாக்கெட்டில் காத்து நின்றால் விசைப்பலகை கிடப்பில் கிடக்கிறது. 1988இல் பின்லாந்தில் உருவான ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறையிலேயே ஒரே அறையில் பலர் பேசினார்கள். நம் மாணவர்கள் இன்றும் இருவராக, முறைவைத்துப் பேசப் பழகுகிறார்கள்.

காத்து நிற்காமல் எழுதும் அசின்க்ரனஸ் முறைக்கு நூலகங்கள் கைவசம் இருக்கின்றன. சி++ என்றால் பூஸ்ட் ஏசியோ. அதனுடன் எடுத்துக்காட்டாக ஒரு சாட் கிளையன்ட்டே வருகிறது. ‘படித்து முடித்ததும் இந்தச் செயல்கூற்றைக் கூப்பிடு’ என்று ஒப்படைத்துவிட்டு நிரல் மேலே போகிறது. அனுப்ப வேண்டியவை வரிசையில் நிற்கின்றன. முன்னது முழுதாகப் போன பிறகே அடுத்தது போகும், இல்லையென்றால் இரண்டின் பைட்டுகளும் கலந்துவிடும். விசைப்பலகையைப் படிப்பது தனி த்ரெட்டில், அதாவது அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டத்தில். பைத்தான் என்றால் அசின்க்ஐஓ. 2014இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து அது மொழியோடு சேர்ந்தே வருவதால், இணைய இணைப்பு இல்லாத ஆய்வகத்திலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. என் தேர்வு பைத்தான்தான்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேட்கிறேன்: சோதனையைத் தமிழில் தட்டிச் செய்யச் சொல்லுங்கள். டிசிபிக்குச் செய்தி என்ற ஒன்று கிடையாது; பைட்டுகளை வரிசை குலையாமல் கொண்டுசேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் ஏசியோவின் எடுத்துக்காட்டில் முதல் 4 பைட்டில் நீளம் போகிறது, அதன் பின்னரே செய்தி. அதே முறையில் பைத்தானில் எழுதி வரும்படி அந்தப் புதியவரிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக ஓடியது. ‘வணக்கம்’ என்று தட்டியதும் நிரல் பிழை காட்டி நின்றுவிட்டது.

நாம் எண்ணினால் அதில் 5 எழுத்து. புள்ளிகளைத் தனியாக எண்ணும் யூனிகோடில் 7 குறியீடு. பைத்தானிடம் நீளம் கேட்டாலும் 7 என்றுதான் சொல்லும். ஆனால் குறியீடுகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில், தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் கம்பியில் போவது 21. ‘7 வருகிறது’ என்று சொல்லிவிட்டு 21ஐ அனுப்பியிருந்தார். எதிர்முனை 7 பைட்டோடு நிறுத்திக்கொண்டது: ‘வண’ முழுதாக, ‘க’வில் ஒரே ஒரு பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இந்தத் தவறு அதுவரை ஒளிந்திருந்தது. அரை மணி நேரம் பைட்டுகளைத் தாளில் எழுதி எண்ணி அவரே கண்டுபிடித்தார். தாய்மொழியில் ஒரு வார்த்தை தட்டியிருந்தால் கல்லூரியிலேயே கண்டுபிடித்திருப்பார்.

வரும் ஆண்டுப் பட்டியலில் இந்தப் பயிற்சியை இப்படி மாற்றி எழுதுங்கள்: மூன்று பேர் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும், யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, தமிழ் உடையாமல் போய்ச் சேர வேண்டும். எங்கள் பயிற்சியில் இது இரண்டு பிற்பகல் வேலை. ஆய்வகக் குறிப்பைத் தமிழில் எழுதித் தருகிறேன். விடுமுறையில் ஆசிரியர்களுக்கு நேரில் வந்து நடத்திக் காட்டவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
அதே பயிற்சியை அதே முறையில் எழுதிக் கையெழுத்து வாங்கிய தங்கள் முன்னாள் மாணவி