மதுரை கடல்மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்துத்தான்; அவர்கள்தான் அதிகம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன, சித்திரைத் திருவிழா மாதம் தவிர. ராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊருக்கு வேனில் போய் வந்தோம். தொட்டித் தண்ணீருக்கான கடல் உப்பு மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தோம். கடல்குதிரை, உயிர்ப்பவளம் கேட்டு இனி யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம். இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை.

இனி, குணம் பார்க்கும் தொட்டி. மற்ற மீன்களோடு சேர்க்குமுன் ஒரு மீனின் குணத்தைச் சோதிக்க என் வீட்டில் வைத்திருக்கும் சங்கத் தொட்டி இது. "சங்கக் காசில் செயலாளர் வீட்டுக்கு மீன்தொட்டி" என்ற பேச்சு என் காதுக்கும் வந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயரை வைத்தே மீனின் குணத்தை முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. டிரிகர் மீன் என்றால் ரவுடி, நெமோ என்று நாம் கூப்பிடும் கோமாளி மீன் என்றால் குழந்தை. அந்த நெமோ குடும்பத்தில்தான் மெரூன் வகைப் பெண் மீன் இருக்கிறது. தன் ஜோடியைத் தவிர இன்னொரு நெமோவை அது லேசில் விட்டுவைக்காது. கட்டைவிரல் நகம் அளவில் வாங்கும் டாமினோ டாம்சல் 14 செ.மீ. வரை வளரும். வளர வளர ஒரு பாறைக்குப் பட்டா போட்டுவிடும். ரெட் டூத் டிரிகரோ அதன் குடும்பத்தில் சாதுவான பக்கம். அதற்காக எல்லா ரெட் டூத்தும் சாது என்று எழுதித் தர மாட்டேன்.

அதனால்தான் இந்தத் தொட்டி. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினால் போதும் என்கிறார்கள் சிலர். அதில் மீனுக்குத் தெரிவது தன் இனம்தான். அதைப் பார்த்துச் சீறுவது மற்ற மீன்களிடம் எப்படி நடக்கும் என்று சொல்லாது. துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வேறொரு மீனை விட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுவோம். பிறகு இறால் துண்டு போடுவோம். டப்பாவை விட்டுவிட்டு இரைக்கு வந்தால் பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு. இந்த ஆண்டு ஒரு கிளவுன் டிரிகர் வந்தது. கடையில் கையிலிருந்து வாங்கித் தின்ற சமத்து. இங்கே முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு டப்பாவின் மூலையையே கொறித்துக்கொண்டிருந்தது. இறால் அதன் வாலை உரசிக்கொண்டு போய்ப் பாறையில் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. தனித் தொட்டிதான் என்று எழுதிக் கொடுத்தோம். உறுப்பினர் கேட்கவில்லை. அவர் தொட்டியில் இப்போது அது தனியாகத்தான் இருக்கிறது.

முரட்டு மீனைக் கடைசியாக விடுங்கள், அதற்கு முன் பாறைகளை மாற்றி அடுக்குங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம். கூட்டத்துக்கு வந்தால்தானே கேட்பதற்கு?

குணப் பதிவேட்டுக்குப் படிவம் கொடுத்தோம். யாரைத் துரத்துகிறது, இரைக்கு முன்னா பின்னா, விளக்கணைந்ததும் எந்தப் பொந்துக்குப் போகிறது, இவ்வளவுதான் கேள்வி. திரும்பி வந்தவை சொற்பம். ஒன்றில் "நல்ல மீன்" என்று மட்டும் இருந்தது. ஆடியில் விட்டுப்போன டாம்சலைத் தை பிறந்தும் கூட்டிப்போக வராதவரும் நம்மில் உண்டு. இரை என் செலவு.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். மதுரை வெயிலில் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த சில்லர் ஓயாமல் ஓடுகிறது. அந்த மின்கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் சங்கம் ஏற்றது என்பதையும் பதிவு செய்கிறேன். சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், மாடியைக் கூட்டத்துக்குத் தந்த விளாங்குடி உறுப்பினர், தேநீர் ஏற்பாடு செய்த நண்பர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது செயலாளராக வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். குணம் பார்க்கும் தொட்டியையும் அவரே எடுத்துக்கொள்ளலாம். நாலடித் தொட்டி, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்படி யாரும் வராவிட்டால், சந்தாவைச் சித்திரைக்குள் கட்டிவிட்டால் சில்லருக்கு உதவியாக இருக்கும்.