ஐஸ்லாந்துல நிலம் வாங்குற பணக்காரங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

2011ல சீன தொழிலதிபர் ஹுவாங் நுபோ ஐஸ்லாந்து வடகிழக்குல கிரிம்ஸ்டாடிர்ங்கற இடத்துல சுமார் 300 சதுர கிலோமீட்டர் வாங்கி ரிசார்ட் கட்டப்போறேன்னு வந்தாரு, அரசாங்கம் முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா அதே நிலத்துல பெரும்பங்க 2016ல பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப் (அதாங்க, மான்செஸ்டர் யுனைடெட்ல பங்கு வச்சிருக்காரே, அவருதான்) வாங்கிட்டாரு, ஏன்னா ஐரோப்பிய பொருளாதாரப் பகுதி (ஐரோப்பிய யூனியனும் ஐஸ்லாந்து மாதிரி சில நாடுகளும் சேர்ந்த பொதுச்சந்தை, அப்போ பிரிட்டனும் அதுல இருந்துச்சு) நாட்டுக்காரங்களுக்கு அப்போ தனி அனுமதி எதுவும் தேவைப்படல. சால்மன் மீன காப்பாத்தத்தான் வாங்குறேங்கறாரு, நல்ல வேலதான் ஒத்துக்கறேன், இருந்தாலும் அந்தப் பக்கம் ஆறும் பண்ணையும் ஒவ்வொண்ணா ஒரே ஆள் கைக்கு போனா உள்ளூர் விவசாயி பேச்சு எங்க எடுபடும்? 2020ல தான் முழிச்சுக்கிட்டு, மொத்தமா 1,500 ஹெக்டேர தாண்டுனா அமைச்சர் அனுமதி வேணும்னு சட்டம் போட்டாங்க. அதுக்கு முன்னாடி வாங்குனத யாரு கேக்கப்போறா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்