மழை நாளுக்கும் ஒரு திட்டம் வேண்டும்

கொழும்பிலிருந்து வெளிநாட்டுச் சைக்கிள் பயணங்களை ஒழுங்கு செய்யும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த டானியூப் பயணத்துக்கு ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஒஸ்ரியாவின் வியன்னா வரை டானியூப் ஆற்றோரமாகப் போகும் பாதை அது. பெரிய ஏற்றங்கள் இல்லை, வழிகாட்டிப் பலகைகளும் தாராளம். முதல் நெடும்பயணத்துக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் நிகழ்ச்சி நிரலில் மழையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கொழும்பில் நாங்கள் மழைக்குப் பயந்தவர்கள் இல்லை. ஜூன் மாதத்தில் காலி வீதியில் தொப்பலாக நனைந்து ஓடினாலும், வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டி ஒரு பிளேன்ரீ குடித்தால் சரி. இங்கே மழையிலும் வெப்பநிலை 24, 25 பாகையில் நிற்கும். ஒஸ்ரியாவில் மே மாத மழை அதை 10 பாகைக்கும் கீழே இறக்கிவிடக்கூடும். நனைந்த உடுப்போடு ஓடும்போது எதிர்க்காற்று உடம்புச் சூட்டை விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். பருத்தி பெனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழும்பு மழையில் பழகிய துணிச்சலை அங்கே கொண்டுபோவதுதான் ஆபத்து.

நான் போன பயணத்தில், ஒஸ்ரியாவில் மெல்க் என்ற ஊரிலிருந்து துல்ன் என்ற ஊருக்கு ஓடவேண்டிய நாளில் விடியும் முன்பே மழை பிடித்துவிட்டது. வழியில் வருவது வாஹாவ் பள்ளத்தாக்கு, 2000ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம், திராட்சைத் தோட்டமும் பழைய ஊர்களுமாக அவ்வளவு அழகு. அந்த ஊர்களின் கல் பாவிய தெருக்கள் ஈரத்தில் வழுக்கின. சக்கர விளிம்பைப் பிடித்து நிறுத்தும் றிம் பிரேக் சைக்கிள்காரர்கள் நிறுத்தப் பெரும்பாடு பட்டார்கள். ஆனாலும் என்னை அதிகம் வருத்தியது அதுவல்ல, நாங்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்த விதம்தான்.

முன்னால் போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் நின்றார்கள். நின்றதால் அவர்களுக்கும் விறைத்தது. கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, போவம்" என்று புறப்பட்டார்கள். அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வே கிடைக்கவில்லை. கடைசியாக வந்த அக்காவிடம், "குளிருதா அக்கா?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, நீங்கள் போங்கோ" என்றார். பாதிவழியில் வரும் கிரெம்ஸ் நகரில் அவருடைய விரல்களால் ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியவில்லை. பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. உடல் வெப்பநிலை அபாயமாக இறங்குவதன் அறிகுறிகள் இவை. அந்த நிலையில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரின் சொல்லை நம்பக்கூடாது.

அங்கிருந்து பாதை ஆற்றங்கரை அணைமேல் போகிறது. காற்றை மறிக்க மரம் மதில் எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் குழுத்தலைவர் ஓடியே தீரவேண்டும் என்றார். கிரெம்ஸிலிருந்து துல்னுக்கு ரயில் இருக்கிறது, சைக்கிளுக்கும் ரிக்கெட் எடுத்து ஏற்றலாம். நாங்கள் சிலர் பிடிவாதமாக அக்காவோடு ரயிலேறினோம். அன்றிரவு அவரிடம், "அப்போ நீங்கள் முழுத் தூரமும் ஓடவில்லைத்தானே?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஆட்கள் குளிரை மறைக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து, விசாவுக்கு அலைந்து வந்தவர் தன்னால் முடியவில்லை என்று எப்படி வாய் திறப்பார்?

ஆகவே ரயிலை நீங்களே திட்டத்தில் போடுங்கள். மழை நாளில் எந்த நிலையத்தில் யாரும் விலகலாம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்கு இடம் குறைவு, முழுக்குழுவும் ஒரே ரயிலில் ஏற முடியாது. அதனால் நான்கைந்து பேராகப் பிரித்து அனுப்புங்கள். கடைசியில் வருபவரோடு அனுபவமுள்ள ஒருவர் ஓடட்டும், பயணத்தை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே இருக்கட்டும். நிற்கும் இடத்தில் கடைசி ஆள் சூடாக ஏதாவது குடித்து முடிக்கும்வரை முன்னால் வந்தவர்கள் புறப்படக்கூடாது, அதுவரை அவர்கள் எங்காவது உள்ளே போய் உட்காரலாம். நீர்புகாத மேலங்கி, முழுக் கையுறை, பொலித்தீன் பையில் கட்டிய மாற்றுடுப்பு இல்லாதவரை மழையில் இறங்க விடாதீர்கள்.

பதிவுப் பணம் வாங்குமுன், முதல் கூட்டத்திலேயே இதை எல்லார் முன்னிலையிலும் அறிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சக சைக்கிளோட்டி