மென்கோதுமை விளையும் ஊரிலிருந்து

புல்மன், வாஷிங்டன் மாநிலம்
ஆகஸ்ட் 14

அன்புள்ள முருகேசா,

முட்டிவலி குறைந்ததா? மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. பேரன் என்னோடு ஒட்டிக்கொண்டான். தமிழ்தான் இன்னும் அவனோடு ஒட்டவில்லை.

இந்த ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை கோதுமைக் குன்றுகள். பலூஸ் என்கிறார்கள். காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண். சரிவில் ஏறும்போதும் அறுவடை இயந்திரத்தின் உடல் நிமிர்ந்தே நிற்கிறது, சக்கரங்கள் மட்டும் சாய்கின்றன. அரை நாள் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விளைவது வெள்ளை மென்கோதுமை. கேக், பிஸ்கட் மாவுக்கானது. பெரும்பகுதி போர்ட்லண்ட் துறைமுகம் வழியாக ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று கப்பலேறுகிறது. பக்கத்து விவசாயியிடம் பழக்கதோஷத்தில், "யூரியா கொஞ்சம் கூட்டினால் என்ன?" என்று கேட்டேன். சிரித்தார். தழைச்சத்து மிஞ்சினால் புரதம் ஏறும். ரொட்டிக்கு அது நல்லது, கேக்குக்குக் கெடுதல். இங்கே 10.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். நாம் சர்வீஸ் முழுக்க மூட்டைக் கணக்கை மட்டுமே எண்ணினோமே!

மகசூல் குறைவு என்று நினைத்துவிடாதே. உயரமான பழைய ரகங்கள் உரம் போட்டால் சாய்ந்துவிடும், நம் பழைய நெல் மாதிரியே. ஜப்பானின் குட்டை ரகமான நோரின் 10 அமெரிக்காவுக்கு 1946-இல் வந்தது. இதே புல்மனில் ஆர்வில் வோகல் என்ற கோதுமை ஆராய்ச்சியாளர் அதை இங்குள்ள பிரெவர் ரகத்தோடு ஒட்டுச்சேர்த்து, 1961-இல் கெய்ன்ஸ் என்ற மென்கோதுமையை வெளியிட்டார். குட்டைத் தாள், பெருத்த மகசூல். அந்த ஒட்டிலிருந்து அவர் அனுப்பிய விதைதான் மெக்சிகோவில், பசுமைப் புரட்சியின் தந்தை என்கிறோமே, அந்த போர்லாக் கைக்குப் போனது. அதன் வழிவந்த ரகங்கள்தான் பிறகு பஞ்சாப் வரை வந்தன. போர்லாக் பெயரைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய நமக்கு வோகலைத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு பயமும் இவர்களுக்கு உண்டு. கதிர் முற்றும் நேரத்தில் மழை பெய்தாலோ வெயிலும் குளிருமாக மாறி மாறி அடித்தாலோ, மணிக்குள் ஒரு நொதி ஊறி மாவுச்சத்தைச் சிதைத்துவிடும். மணியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிநீரில் சூடாக்கி, அதற்குள் ஒரு கம்பி எத்தனை நொடியில் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். மாவுச்சத்து சிதைந்திருந்தால் கூழ் நீர்த்துக் கம்பி சீக்கிரம் இறங்கிவிடும். 300 நொடிக்குக் கீழே போனால் விலையில் கை வைப்பார்கள். 2016-இல் இந்த வட்டாரமே இதில் அடிபட்டது.

அப்புறம், இந்த மென்கோதுமை மாவில் மகள் சப்பாத்தி போட்டாள். இழுவையே இல்லை, ஆறியதும் அப்பளம் மாதிரி ஒடிந்தது. மறுநாள் அதிலேயே கேக் செய்தாள். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சர்க்கரை நோயாளி என்பதையே மறந்து மூன்று துண்டு தின்றேன். வீட்டில் சொல்லிவிடாதே.

குறுவை கதிர் வாங்கிவிட்டதா? கால்வாயில் தண்ணீர் வருகிறதா? எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்